எலிப்சாய்டல் விளக்கை ஃபோகஸ் செய்வது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் முதன்முதலாக ஒரு நாடகத்தின் ஒளியமைப்புப் பொறுப்பை ஏற்றபோது, 24 எலிப்சாய்டல் விளக்குகளையும் (தெளிவான விளிம்புள்ள ஒளிவட்டத்தை வீழ்த்தும், அதை வேண்டிய வடிவில் வெட்டத்தக்க மேடை விளக்குகள்) இரண்டு மணி நேரத்தில் ஃபோகஸ் செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஏழு மணி நேரம் ஆயிற்று. அத்தனை நேரம் செலவழித்த பிறகும், மறுநாள் ஒத்திகையில் முன்மேடையில் வந்து நின்ற நடிகரின் மார்பில் வெளிச்சமும் முகத்தில் இருட்டும் விழுந்தன. விளக்குகளில் ஒரு குறையும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு விளக்கைத் திருப்பியதும், லென்ஸைக் கூர்மையாக்குவதற்கு முன்பே, ஒளியை வெட்டும் தகடான ஷட்டரை உள்ளே தள்ளியதும் என்னுடைய தவறுகள். வேலைகளைச் சரியான வரிசையில் செய்திருந்தால் இரண்டுமே நேர்ந்திருக்காது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு சொல்லை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. அரங்கில் ‘ஃபோகஸ்’ என்றால் விளக்கை உரிய இடத்திற்குத் திருப்பி, அளவிட்டு, வெட்டி முடிக்கும் முழு வேலையையும் குறிக்கும். லென்ஸை நகர்த்தி ஒளியின் விளிம்பைத் தெளிவாக்குவது அதில் ஒரு பகுதி மட்டுமே. அந்தப் பகுதியை இக்கட்டுரையில் ‘கூர்மை’ என்றே குறிப்பிடுகிறேன்.

1. விளக்கின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

இந்த விளக்கின் பின்பகுதியில் நீள்வட்ட வடிவிலான பிரதிபலிப்பான் இருக்கிறது. நீள்வட்டத்திற்கு இரண்டு குவியங்கள் உண்டு. ஒன்றில் பல்பை வைத்தால், அதன் ஒளி பிரதிபலிப்பானில் பட்டுத் திரும்பி மற்றொன்றில் வந்து கூடும். அப்படிக் கூடும் இடத்தை ஒட்டித்தான் கேட் எனப்படும் வாயில் அமைந்திருக்கிறது. ஷட்டர் தகடுகள், நிழல் வடிவம் கொண்ட தகடான கோபோ, ஒளிவட்டத்தைச் சுருக்கும் ஐரிஸ் எல்லாம் அந்த வாயிலிலேயே நுழைகின்றன. அதற்கு முன்னால் உள்ள லென்ஸ், வாயிலில் இருப்பதை அப்படியே படமாக மேடையில் வீழ்த்துகிறது.

லென்ஸ் வீழ்த்தும் படம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் இருக்கும் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இப்போதே தீர்ந்துவிடும். மேல் ஷட்டரைத் தள்ளினால் ஒளியின் கீழ்ப்பகுதி வெட்டுப்படும். இடது ஷட்டரைத் தள்ளினால் வலது விளிம்பு வெட்டுப்படும்.

2. ஏணியைத் தொடுவதற்கு முன் தாள்களைத் தயாராக்குங்கள்

நான்கு ஆவணங்கள் கட்டாயம் வேண்டும். முதலாவது, மேலிருந்து பார்ப்பதுபோல் அளவுவிகிதத்தில் வரைந்த ஒளி வரைபடம். 1:50 அல்லது 1:25 விகிதம் வசதியாக இருக்கும். இரண்டாவது, அரங்கைப் பக்கவாட்டில் அறுத்துப் பார்ப்பதுபோன்ற குறுக்குவெட்டு வரைபடம். மூன்றாவது, ஒவ்வொரு விளக்கின் எண், வகை, கோணம், வாட், நிறத்தாள், டிம்மர் (பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி), சேனல் (கன்சோல் எனப்படும் கட்டுப்பாட்டு மேசையில் விளக்குக்குரிய எண்) ஆகியவற்றைக் கொண்ட பட்டியல். நான்காவது, ஒவ்வொரு விளக்கும் எதற்காகத் தொங்குகிறது என்பதை ஒரே வரியில் சொல்லும் ஃபோகஸ் குறிப்பு.

புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது குறுக்குவெட்டைத்தான். மேலே தொங்கும் மறைப்புத் துணி ஒளிக்கற்றையின் குறுக்கே வருமா, பின்சுவரில் எந்த உயரம்வரை வெளிச்சம் ஏறும், நடிகரின் முகத்திற்கும் விளக்குக்கும் உண்மையான தூரம் எவ்வளவு என்பனவற்றுக்கெல்லாம் அந்தத் தாளில் மட்டுமே விடை கிடைக்கும். இதை வரைய எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடிக்கிறது. வரையாமல் போன நாடகத்தில், தொங்கவிட்ட ஆறு விளக்குகளைக் கழற்றி, விளக்குகளைத் தாங்கும் வேறு குழாய்க்கு மாற்ற ஒரு முழு நாள் பிடித்தது.

ஃபோகஸ் குறிப்பில் ‘இடப்புற ஸ்பாட்’ என்று மட்டும் எழுதிவைக்காதீர்கள். ‘நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் முகம், இடமிருந்து, சுவரில் படக் கூடாது’ என்று எழுதுங்கள். ஏணியின்மேல் ஆள் காத்திருக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது.

3. கோணத்தைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுங்கள்

எலிப்சாய்டல் விளக்குகள் குறிப்பிட்ட கோணங்களில் கிடைக்கின்றன. 1992-இல் இ.டி.சி. நிறுவனம் வெளியிட்ட சோர்ஸ் ஃபோர் வகையில் 19, 26, 36, 50 பாகைகள் அதிகம் புழங்குகின்றன. தொலைவிலிருந்து வீழ்த்துவதற்கு 5, 10, 14 பாகைகளும் உண்டு. இருவேறு எல்லைகளுக்கு இடையே கோணத்தை மாற்றிக்கொள்ளத்தக்க ஜூம் வகைகளும் இருக்கின்றன.

ஒளிவட்டத்தின் விட்டத்தை அறிய, தூரத்தை ஓர் எண்ணால் பெருக்கினால் போதும். 19 பாகைக்கு 0.33, 26 பாகைக்கு 0.46, 36 பாகைக்கு 0.65, 50 பாகைக்கு 0.93. தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்தில் விளக்கு தொங்குகிறது, 1.6 மீட்டர் உயரத்தில் உள்ள முகத்தில் 45 பாகைச் சரிவில் ஒளி விழ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விளக்குக்கும் முகத்துக்கும் இடையே சாய்வுத் தூரம் ஏறக்குறைய 6.2 மீட்டர். அங்கே 26 பாகை விளக்கு 2.9 மீட்டர் விட்டமும், 36 பாகை விளக்கு 4 மீட்டர் விட்டமும் தரும். தரைமட்டத் தூரத்தை வைத்துக் கணக்கிடுவது பரவலான தவறு. எப்போதும் சாய்வுத் தூரத்தையே எடுங்கள்.

இந்த விட்டம் முழுவதும் ஒரே பிரகாசத்தோடு இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பட்டியல்களில் அச்சிடப்படும் புலக் கோணம், பிரகாசம் நடுவில் உள்ளதில் 10 விழுக்காடாகக் குறையும் விளிம்புவரை அளக்கப்படுவது. கற்றைக் கோணம், பாதியாகக் குறையும் இடம்வரை அளக்கப்படுவது. ஆகவே அடுத்தடுத்த இரண்டு ஒளிவட்டங்கள் விளிம்போடு விளிம்பு தொட்டால் மட்டும் போதாது. ஒன்றின்மேல் ஒன்று தாராளமாக ஏறியிருந்தால்தான் நடிகர் நடந்துபோகும்போது முகம் இருண்டு வெளுக்காது.

எதற்கும் உதவட்டும் என்று அகலக் கோணத்தை எடுத்துவிட்டு ஷட்டரால் பாதியை வெட்டுவது வீண். வெட்டிய ஒளி தகட்டில் வெப்பமாகத் தங்கி, மேடைக்கு வராமலே போகிறது. அதே பல்பும் அதே தூரமும் இருந்தால், குறுகிய கோண விளக்கே அதிகப் பிரகாசம் தரும். தூரம் இருமடங்கானால் பிரகாசம் நான்கில் ஒன்றாகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. செலவு எங்கே போகிறது

விளக்குகளின் வாடகையை எல்லாரும் கணக்கில் எழுதிவிடுவார்கள். திட்டத்தைக் குலைப்பவை, தீர்ந்துபோகும் பொருள்கள்தாம். சோர்ஸ் ஃபோருக்குரிய எச்.பி.எல். பல்பு 575 வாட், 750 வாட் என்ற இரு அளவுகளில் அதிகம் புழங்குகிறது. 3250 கெல்வின் நிறவெப்பம் தரும் வழக்கமான 575 வாட் பல்பின் ஆயுள் சுமார் 300 மணி நேரம். ஒத்திகைக்காக நாள்தோறும் எட்டு மணி நேரம் முழுப் பிரகாசத்தில் எரியவிட்டால் 37 நாள்களில் அது தீர்ந்துவிடும். சற்றே மங்கலாகவும் மஞ்சளாகவும் எரியும் நீடித்த வகையைப் போட்டால் ஆயுள் பல மடங்கு நீளும். இரண்டையும் ஒரே வரிசையில் கலந்து போட்டால் முகத்துக்கு முகம் நிறம் மாறும். வாங்கும்போதே ஒரு வகையை முடிவுசெய்யுங்கள்.

நிறத்தாள்களில் அடர்நீலம் மிக விரைவில் வெளுக்கும். ஒவ்வோர் அடர்நீலத் தாளுக்கும் ஒரு மாற்றுத் தாளை முன்கூட்டியே வெட்டிவையுங்கள். கோபோவில் எஃகுத் தகடு மலிவு, கண்ணாடி விலை அதிகம். இலை, சன்னல், மேகம் போன்ற பொது வடிவங்களை வாடகைக்கே தருவார்கள். தனி வடிவம் செய்யச் சொன்னால் செலவோடு நாள்களும் ஆகும்.

மின்சுமையையும் இப்போதே பாருங்கள். 2.4 கிலோவாட் டிம்மர் ஒன்றில் 575 வாட் விளக்குகள் நான்கு தாங்கும், 750 வாட் விளக்குகள் மூன்றுதான் தாங்கும். எல்.இ.டி. எலிப்சாய்டல்களை டிம்மரில் செருகவே கூடாது. அவற்றுக்கு நேரடி மின் இணைப்பும், கன்சோலின் கட்டளைகளைக் கொண்டுவரும் டி.எம்.எக்ஸ். கம்பியும் வேண்டும்.

5. மேசையில் வைத்துச் சரிபாருங்கள்

இதைத் தவிர்ப்பவர்கள்தாம் பின்னால் ஏணியின் உச்சியில் நின்று விளக்கைத் திட்டுகிறார்கள். ஒவ்வொரு விளக்கையும் வெளிறிய சுவருக்கு எதிரே வைத்து ஏற்றுங்கள். நான்கு ஷட்டர்களையும் முழுக்க வெளியே இழுத்து, விளிம்பு தெளிவாகும்வரை லென்ஸ் குழலை நகர்த்துங்கள். ஒளிவட்டத்தின் நடுப்பகுதி உண்மையிலேயே நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பல்பு பொருந்தியிருக்கும் பின்மூடியில் உள்ள திருகுகளால் அதை முதலில் நடுவுக்குக் கொண்டுவந்து, அதன் பிறகு பல்பை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகைத் திருப்புங்கள். ஒரு பக்கம் திருப்பினால் நடுவில் பிரகாசம் குவியும். மறுபக்கம் திருப்பினால் வட்டம் முழுதும் சமமாகப் பரவும். கோபோ போடும் விளக்குகளுக்குச் சமப்பரவல் வேண்டும். ஒன்றோடொன்று கலக்கும் முகவிளக்குகளுக்கு நடு சற்றுத் தூக்கலாக இருப்பதை நான் விரும்புகிறேன். ஆனால் எல்லா முகவிளக்குகளும் ஒரேமாதிரி இருக்க வேண்டும்.

லென்ஸின் தூசியை நூல் உதிராத துணியால் துடைத்துவிடுங்கள். ஷட்டர்கள் சிக்காமல் ஓடுகின்றனவா என்று பாருங்கள். பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி, பல்பு முன்னதாகவே போய்விடும். ஒரு விளக்குக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6. தொங்கவிடுதல்

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, விளக்கைக் குழாயில் பிடிக்கும் கிளாம்பை இறுக்கி, பாதுகாப்புக் கம்பியைக் குழாயைச் சுற்றி மாட்டிய பிறகே விளக்கிலிருந்து கையை எடுங்கள். விளக்கு எல்லாப் பக்கமும் திரும்புமளவுக்கு மின்கம்பியைத் தொய்வாக விடுங்கள். ஷட்டர்கள் வெளியே இழுத்த நிலையில் பக்கத்து விளக்கில் இடிக்காதபடி இடைவெளி வேண்டும். இதற்கு 45 சென்டிமீட்டர் வைப்பது என் வழக்கம். விளக்குகள் தரைக்கு அருகில் இருக்கும்போதே, அவை பார்க்க வேண்டிய திசைக்குத் தோராயமாகத் திருப்பிவைத்தால் மேலே நேரம் மிச்சமாகும்.

7. ஃபோகஸ் நாளைத் திட்டமிடுங்கள்

குறைந்தது மூவர் வேண்டும்: ஏணியில் ஒருவர், கன்சோலில் ஒருவர், மேடையில் ஒளி வடிவமைப்பாளர். நாற்காலி, மேடைப்படி, சுவர், தரைவிரிப்பு எல்லாம் இறுதி இடத்தில் இருக்க வேண்டும். மரவேலை நடந்துகொண்டிருக்கும் மேடையில் ஃபோகஸ் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே இருட்டும் கிடைக்காது, அமைதியும் கிடைக்காது. புதியவர்களுக்கு ஒரு விளக்குக்கு 5 நிமிடம் ஆகும். கோபோ இருந்தால் 10. ஏணியை நகர்த்தும் நேரம் தனி. அதனால் சேனல் எண் வரிசையில் போகாமல், குழாயில் விளக்குகள் தொங்கும் வரிசையிலேயே போங்கள்.

ஏணியில் இருப்பவரின் பை காலியாக இருக்க வேண்டும். ஸ்பேனரைக் கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். கையுறை கட்டாயம், எரிந்துகொண்டிருக்கும் விளக்கின் உடலும் ஷட்டர் கைப்பிடியும் தோலைச் சுட்டுவிடும்.

8. ஒரு விளக்கை ஃபோகஸ் செய்யும் வரிசை

மற்ற எல்லா விளக்குகளையும் அணைத்து, ஒன்றை மட்டும் ஏற்றுங்கள். ஷட்டர்கள் வெளியே இருக்கட்டும்; நிறத்தாள் இப்போது வேண்டாம். நடிகர் நிற்கும் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். விளக்கை நேராகப் பார்த்தால் அடுத்த சில நிமிடங்களுக்குக் கண் கூசி எதையும் கணிக்க முடியாது. எனவே விளக்குக்கு முதுகைக் காட்டி நின்று, உங்கள் நிழலைப் பாருங்கள். உங்கள் தலையின் நிழல் ஒளிவட்டத்தின் நடுவில் விழுகிறதென்றால், கற்றையின் நடு உங்கள் தலையில் இருக்கிறது என்று பொருள். அப்போது தரை ஒளிவட்டத்தின் நடு, விளக்குக்கு எதிர்ப்பக்கத்தில் உங்களைத் தாண்டித்தான் கிடக்கும். அது சரியே.

நான் சறுக்கியது இங்கேதான். தரையில் ஒட்டிய நாடாக் குறியில் ஒளிவட்டத்தின் நடு வரும்படி எல்லா விளக்குகளையும் வைத்திருந்தேன். 45 பாகைச் சரிவில் வரும் கற்றை 1.6 மீட்டர் உயரத்தில் ஒரு முகத்தின் நடுவில் பட்டால், அது தரையைத் தொடும் இடம் அந்த ஆளுக்கு 1.6 மீட்டர் பின்னால் இருக்கும். தரைக்குறியை நடுவாக வைத்தால் முகம் கற்றையின் மேல் விளிம்புக்குப் போய்விடும். 19 பாகை விளக்கில் அந்த விளிம்பு ஏறக்குறைய இருட்டுதான்.

நடு சரியானதும், விளக்கைப் பிடித்திருக்கும் திருகுகளை இறுக்கச் சொல்லுங்கள். இறுக்கும்போது கற்றை சிறிது இடம்பெயரும், மறுபடி பாருங்கள். இடம் உறுதியான பிறகு லென்ஸ் குழலை நகர்த்தி விளிம்பைக் கூர்மையாக்குங்கள். பின்பு ஷட்டர். ஷட்டர் முடிந்த பிறகே விளிம்பை மென்மையாக்குதல். எல்லாவற்றுக்கும் கடைசியில் நிறத்தாள். கூர்மைக்கு முன்னால் ஷட்டரைப் போட்டால், மங்கலான விளிம்பை நம்பி வெட்டுகிறீர்கள். பிறகு லென்ஸை நகர்த்தும்போது ஒளியின் அளவும் சற்று மாறி, வெட்டு எங்கோ போய் நிற்கும். அன்றைய ஏழு மணி நேரத்தில் மூன்று மணி நேரத்தையாவது இந்த ஒரு தவறு தின்றிருக்கும்.

இந்த வரிசை முடிந்ததும் அந்தப் பகுதி முழுவதும் முன்னும் பின்னும் நடந்து பாருங்கள். உங்களைவிட உயரமானவரையும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். காட்சியில் நடிகர் உட்கார்ந்தே இருப்பார் என்றால் நீங்களும் உட்கார்ந்து பாருங்கள்.

9. ஷட்டரில் வரும் சிக்கல்கள்

மேடையில் இருப்பவர் ‘மேல் ஷட்டர்’ என்று சொல்லும்போது, கைப்பிடியைச் சொல்கிறாரா ஒளியின் விளிம்பைச் சொல்கிறாரா என்ற குழப்பம் தவறாமல் வரும். எங்கள் குழுவின் வழக்கம் இது: மேடையிலிருந்து ஒளியின் விளிம்பை மட்டுமே சொல்வோம். ‘கீழ் விளிம்பை மேடை ஓரம்வரை வெட்டு’ என்றால், எதிர்க் கைப்பிடியைத் தொடுவது ஏணியில் இருப்பவரின் பொறுப்பு. எந்த வழக்கத்தையும் வைத்துக்கொள்ளலாம். முதல் விளக்கிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

நான்கு தகடுகளும் ஒரே தளத்தில் இல்லை. அதனால் நான்கு விளிம்புகளும் ஒரே நேரத்தில் கத்திபோல் கூர்மையாக வரமாட்டா. படச்சட்டத்தையோ கதவையோ பொருத்தமாக வெட்டும்போது, பார்வையாளர் கவனிக்கும் விளிம்பு எது என்று முடிவுசெய்து அதைக் கூர்மையாக்குங்கள். தகடு ஓரளவே சாயும்; அதற்கு மேல் சாய்வான வெட்டு வேண்டுமானால், சோர்ஸ் ஃபோர் போன்றவற்றில் ஷட்டர் பகுதியையே இருபுறமும் 25 பாகைவரை சுழற்றலாம்.

டங்ஸ்டன் பல்பு எரியும்போது ஷட்டர்களை முழுக்க மூடிவைக்காதீர்கள். தகடு வெப்பத்தில் வளைந்து, பிறகு எந்த வெட்டும் நேராக வராது. ஒளி வேண்டாமென்றால் கன்சோலில் அணையுங்கள்.

10. விளிம்பை மென்மையாக்குதல்

முகவிளக்குகளின் விளிம்பு தெரியக் கூடாது. லென்ஸ் குழலை முன்னோ பின்னோ நகர்த்தினால் விளிம்பு மங்கும். ஆனால் ஒரு திசையில் நீலச்சாயலும் மறுதிசையில் செஞ்சாயலும் விளிம்பில் படரும். ஒரே பகுதிக்கான விளக்குகளை எல்லாம் ஒரே திசையில் நகர்த்தினால்தான் சுவரில் வேறுவேறு நிறக்கோடுகள் தெரியாது. இதைவிட எனக்குப் பிடித்தது, விளிம்பைக் கூர்மைக்கு அருகிலேயே வைத்துவிட்டு, ஒளியைச் சிதறடிக்கும் மெல்லிய ஃப்ராஸ்ட் தாளை நிறத்தாளோடு சேர்த்துச் செருகுவது. ராஸ்கோ நிறுவனத்தின் 119, 132 ஆகியவை இதற்கு நன்றாக உதவுகின்றன. 132 மிக மெல்லியது, வெட்டின் வடிவத்தை அதிகம் கலைக்காது. ஃப்ராஸ்ட் போட்டால் சிறிது ஒளி ஷட்டர் வெட்டைத் தாண்டிச் சிதறும். திரைச்சட்டத்தில் அது படுகிறதா என்று மறுபடி பாருங்கள்.

11. கோபோவும் ஐரிஸும்

கோபோ வாங்குமுன் விளக்கின் தாங்கி எந்த அளவு என்று கேளுங்கள். ‘ஏ’ அளவின் வெளிவிட்டம் 100 மில்லிமீட்டர், ‘பி’ அளவு 86, ‘எம்’ அளவு 66. தவறான அளவை வாங்கிவிட்டால் அரங்கேற்ற நாளில் ஒன்றும் செய்ய முடியாது.

எழுத்துள்ள கோபோவை எப்படிச் செருகுவது என்று பலர் தடுமாறுகிறார்கள். விளக்கின் பின்னால் நின்று மேடையைப் பார்த்தபடி, எழுத்து நேராகப் படிக்கும்படி கோபோவைப் பிடியுங்கள்; பிறகு அதைத் திருப்பிப் போடாமல், அரைச் சுற்றுச் சுழற்றித் தலைகீழாக்கிச் செருகுங்கள். மேடையில் நேராக விழும். சாய்ந்த பரப்பில் வீழ்த்தினால் வடிவம் ஒரு பக்கம் நீளும். படத்தின் ஒரு பகுதி கூர்மையாக இருக்கும்போது மற்றொரு பகுதி மங்கும். இலை நிழலுக்கு அது அழகு, எழுத்துக்கு ஆகாது.

ஐரிஸ் ஒளிவட்டத்தைச் சிறிதாக்க உதவும். அதன் மெல்லிய இதழ்களைச் சிறு புள்ளியாகச் சுருக்கி நெடுநேரம் வெப்பத்தில் விடாதீர்கள், இதழ்கள் சிக்கிக்கொள்ளும்.

12. பதிவுசெய்து, தினமும் சரிபாருங்கள்

முடித்த ஒவ்வொரு விளக்கையும் தனியாக எரியவிட்டு, நடுவில் ஓர் ஆளை நிறுத்தி, பார்வையாளர் இருக்கையிலிருந்து படம் எடுங்கள். படத்தின் பெயர் சேனல் எண்ணாகவே இருக்கட்டும். எந்த ஷட்டர் எதுவரை வெட்டியிருக்கிறது, எந்தத் தாள், எவ்வளவு மென்மை என்று குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். திரைத்துணி உரசியோ ஏணி இடித்தோ ஒரு விளக்கு திரும்பிவிட்டால், இந்தப் படம் இருக்க ஐந்து நிமிடத்தில் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம்.

நாடகம் நடக்கும் ஒவ்வொரு நாளும், பார்வையாளர்களை உள்ளே விடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக எல்லாச் சேனல்களையும் ஒவ்வொன்றாக ஏற்றிப் படங்களோடு ஒப்பிடுங்கள். எரிந்துபோன பல்பை மாற்றினால், புதிய பல்பின் இழை பழையதன் இடத்தில் துல்லியமாக அமையாது. ஒளிவட்டத்தின் நடு விலகியிருக்கும். பின்மூடித் திருகுகளால் அதை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே ஏணியை எடுங்கள்.